எல்லாரும் சொன்னாங்க என்றால், யார் யார்?

நங்கநல்லூரில் 24 வீடுகள் கொண்ட ஃபிளாட்ஸ் எங்களுடையது. அங்கே அசோசியேஷன் செக்ரட்டரி என்பது யாருக்கும் வேண்டாத பதவி, அதனாலேயே அது சுற்றிச் சுற்றி என் தலையில் வந்து விழுந்தது. சம்பளம் கிடையாது, திட்டு தாராளமாக உண்டு. லிஃப்ட் நின்றால் நான், தண்ணி லாரி வராவிட்டால் நான், பக்கத்து வீட்டு நாய் ராத்திரி குரைத்தாலும் நான். ஆனால் அந்தப் பதவியில் இல்லாவிட்டால் ஒரு விஷயத்தை இவ்வளவு கிட்டத்தில் பார்த்திருக்க மாட்டேன்: கூட்டத்தில் நாலு பேர் நடுவில் ஒருவர் சொல்லும் கருத்தும், அதே ஆள் மாடிப்படியில் என்னைத் தனியாகப் பிடித்துச் சொல்லும் கருத்தும் பல நேரம் ஒன்றாக இருப்பதில்லை. இத்தனைக்கும் அவர்கள் யாரும் பொய்யர்கள் கிடையாது. படித்தவர்கள், நல்லவர்கள், வீட்டில் வாய் உள்ளவர்கள்.

ஒரு பொதுக்குழுவைச் சொல்கிறேன். மொட்டை மாடி, வாடகை பிளாஸ்டிக் நாற்காலி, வாழைக்காய் பஜ்ஜி, ஃபிளாஸ்கில் டீ. கையிருப்பில் கொஞ்சம் பணம் சேர்ந்திருந்தது, அதை வைத்து எந்த வேலையை முதலில் செய்வது என்பதுதான் பேச்சு. முதலில் பேசியவர் மூன்றாவது மாடி சார். ரயில்வேயில் பெரிய பதவியில் இருந்து ரிட்டயர் ஆனவர், தங்கமான மனிதர், அவர் எழுந்தாலே மற்றவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். "பில்டிங் பாக்கவே நல்லால்ல. பொங்கலுக்குள்ள பெயிண்ட் அடிச்சுடலாமே" என்றார். பக்கத்தில் இருந்தவர் "சார் சொல்றது கரெக்ட்" என்றார். அதற்கு அடுத்தவர் என்ன கலர் என்று கேட்டுவிட்டார். அவ்வளவுதான், அதற்குப் பிறகு முக்கால் மணி நேரம் கலரைப் பற்றித்தான் பேச்சு. பெயிண்ட் வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வி எந்த இடத்தில் முடிந்தது என்றே யாருக்கும் தெரியாது. மினிட்ஸ் நோட்டில் "ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது" என்று எழுதினேன்.

கீழே இறங்கும்போதே தரைத்தள மாமி கையைப் பிடித்தார். "சம்ப் தண்ணி ஒரு மாதிரி வாடை அடிக்கறதும்மா, அதை விட்டுட்டு பெயிண்டா?" மேலே ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "எல்லாரும் சரின்னுட்டா, நான் ஒருத்தி மட்டும் என்னத்தைச் சொல்றது" என்றார். ராத்திரி போன் வர ஆரம்பித்தது. இரண்டாவது மாடியிலிருந்து ஒருவர், எதிர் வீட்டு அக்கா, அப்புறம் மகன் வெளிநாட்டில் இருக்கும் ஒரு பெரியவர். ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள், ஆனால் கடைசி வரி மட்டும் எல்லாருக்கும் ஒன்றுதான்: மத்தவங்க எல்லாம் ஒத்துக்கிட்டாங்க, நான் மட்டும் எப்படி. இதில் உச்சம், "சார் சொல்றது கரெக்ட்" என்று சொன்ன அதே ஆளும் கூப்பிட்டதுதான். "மேடம், மனசுல பட்டதைச் சொல்றேன், பெயிண்டை அடுத்த வருஷம் பாத்துக்கலாமே" என்றார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

ஒவ்வொருவரும் மற்றவர்களுடைய மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். தன்னுடைய மௌனமும் அடுத்தவர் கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்திருக்கும் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்த மொட்டை மாடியில் பெயிண்டை நிஜமாகவே விரும்பியவர்கள் சிறுபான்மை, ஆனால் பெரும்பான்மையினர் ஒவ்வொருவரும் தன்னைத்தான் சிறுபான்மை என்று நினைத்துக்கொண்டு பஜ்ஜி சாப்பிட்டார்கள்.

கொட்டேஷன் பார்க்க வேண்டும் என்று ஒரு சாக்கு வைத்து மறுபடி கூட்டினேன். இந்த முறை யாரும் வாயைத் திறப்பதற்கு முன்பே ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு. பெயிண்ட், சம்ப், லிஃப்ட் கேபிள், மூன்றில் எது முதலில் என்று எழுதி, பெயர் போடாமல், மடித்து எவர்சில்வர் டப்பாவில் போட வேண்டும். பிரித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் சம்ப். பெயிண்டுக்கு விழுந்தது விரல்விட்டு எண்ணும் அளவுதான். மூன்றாவது மாடி சார் சத்தமாகச் சிரித்துவிட்டார். "அன்னிக்கே சொல்லியிருக்கலாமேய்யா, எனக்கென்ன பெயிண்ட் கடையா இருக்கு?" என்றார். யாரையும் வற்புறுத்தும் எண்ணம் அவருக்கு இருந்ததே இல்லை, பேச்சை யாராவது தொடங்க வேண்டுமே என்று வாயில் வந்ததைச் சொல்லியிருக்கிறார். சம்பைக் காலி செய்து ஆள் இறங்கிப் பார்த்தபோது சுவரில் விரிசல், அதன் வழியாகப் பாதாம் மரத்து வேர் உள்ளே வந்திருந்தது. மாமியின் மூக்கு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

சீட்டு என்றதும் ஒருவர் "நம்ம உத்திரமேரூர் குடவோலை மாதிரி" என்று பெருமைப்பட்டார். சும்மா இருக்க முடியாமல் திருத்தினேன். முதலாம் பராந்தக சோழன் காலத்து அந்தக் கல்வெட்டு சொல்வது வாக்கெடுப்பை அல்ல, தகுதி உள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு ஒரு சிறுவனை எடுக்கச் சொல்லும் குலுக்கலை. ஆனால் ஒன்று, குலுக்கலில் யாரும் யார் முகத்தையும் பார்த்துக் கை தூக்க முடியாது, அந்த மட்டும் பத்தாம் நூற்றாண்டு ஆட்கள் விவரமானவர்கள்தான்.

சீட்டு யோசனை என் மூளையில் தானாக உதித்தது கிடையாது. கல்லூரியில் உளவியல் துணைப்பாடம் படித்தபோது சாலமன் ஆஷ் என்ற அமெரிக்கப் பேராசிரியரின் சோதனை வந்தது. 1951-இல் வெளியானது. ஒரு கோட்டைக் காட்டுவார்கள், பக்கத்தில் மூன்று கோடுகளைக் காட்டி, அதே நீளம் எது என்று கேட்பார்கள். குழந்தைகூடச் சொல்லிவிடும். ஆனால் அறையில் இருப்பவர்களில் நிஜமாகச் சோதிக்கப்படுபவர் ஒருவர்தான், மற்றவர்கள் எல்லாம் முன்கூட்டியே பேசி வைத்த ஆட்கள், குறிப்பிட்ட சுற்றுகளில் ஒரே குரலில் தப்பான விடையைச் சொல்வார்கள். தனியாக இருந்தால் நூற்றில் ஒரு தடவைகூடத் தவறாதவர்கள், இந்தச் சுற்றுகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கு விடைகளைக் கூட்டத்தோடு சேர்ந்து தப்பாகச் சொன்னார்கள். நாலில் மூன்று பேர் ஒரு தடவையாவது கூட்டத்தின் பக்கம் சாய்ந்தார்கள்.

இதுவரை பலருக்கும் தெரிந்த கதை. நமக்குப் பயன்படுவது இதற்கு அடுத்த பகுதி. விடையை வாயால் சொல்லாமல் தாளில் எழுதலாம் என்றதும் கூட்டத்தோடு போவது கணிசமாகக் குறைந்தது. கூட்டத்தில் இன்னொரு ஆள், ஒரே ஒரு ஆள், சரியான விடையைச் சொன்னால் அழுத்தம் ஏறக்குறைய நாலில் ஒரு பங்காகச் சுருங்கியது. இன்னொரு வேடிக்கை என்னவென்றால், அந்த ஆள் சரியான விடையைச் சொல்ல வேண்டும் என்றுகூட அவசியமில்லை, கூட்டம் சொன்னதற்கு மாறாக வேறு ஒரு தப்பைச் சொன்னாலும், சோதிக்கப்படுபவருக்குத் தன் கண்ணை நம்பும் தெம்பு வந்துவிட்டது.

அதனால்தான் நான் யாரிடமும் "தைரியமா பேசுங்க" என்று சொல்வதை நிறுத்திவிட்டேன். மாமி எழுபது வயது வரைக்கும் சபையில் பேசாதவர், அவரை மாற்ற என்னால் ஆகாது. கூட்டம் நடக்கும் வரிசையை மாற்ற என்னால் ஆகும். இப்போது எங்கள் கூட்டங்களில் பணம் சம்பந்தப்பட்டது எதுவாக இருந்தாலும் முதலில் சீட்டு, பிறகுதான் பேச்சு. பேச்சிலும் வாடகைக்கு இருப்பவர்கள், புதிதாக வந்தவர்கள், வயதில் சின்னவர்கள் முதலில், மூன்றாவது மாடி சார் கடைசியில். அவரிடம் முன்னாலேயே போய்ச் சொல்லிவிட்டேன், அவரும் பெருந்தன்மையாக ஒப்புக்கொண்டார். ராணுவ நீதிமன்றங்களில்கூடப் பதவியில் இளையவரிடமிருந்து அபிப்பிராயம் கேட்கத் தொடங்கும் வழக்கம் பல நாடுகளில் உண்டு என்று சொன்னதும் அவருக்கு இன்னும் பிடித்துப்போனது. அலுவலகத்திலும் இதையே செய்து பார்த்தேன், மேனேஜர் தன் கருத்தைச் சொல்வதற்கு முன்பு எல்லாரும் இரண்டு வரி மெயில் அனுப்பிவிட வேண்டும் என்று. மீட்டிங் நேரம் பாதியாகக் குறைந்தது, அது எதிர்பாராத லாபம்.

சீட்டுக்கு வழியில்லாத இடங்களில், உதாரணத்துக்குக் குடும்பப் பேச்சில், நான் கவனிப்பது இரண்டாவதாகப் பேசும் ஆளை. முதல் ஆள் சொல்வது ஒருவருடைய அபிப்பிராயம். இரண்டாவது ஆள் "கரெக்ட்" என்ற அந்த நொடியில்தான் அது ஊர் அபிப்பிராயமாக மாறுகிறது. அதனால் எப்படியாவது இரண்டாவதாக நான் பேசிவிடுவேன். எதிர்க்க மாட்டேன். "இப்படியும் ஒரு வழி இருக்கில்ல?" என்று வேறு ஒன்றைப் போட்டு வைப்பேன், சில நேரம் எனக்கே அதில் பெரிய நம்பிக்கை இருக்காது. அதற்குப் பிறகு பேசுகிறவர்களுக்கு இரண்டு பக்கம் கிடைத்துவிடும். எங்கள் வீட்டுக் கல்யாணம் ஒன்றில் சத்திரத்தை மாற்ற வைத்தது இந்த ஒரு வாக்கியம்தான், அந்தக் கதை இப்போது வேண்டாம், சம்பந்தப்பட்டவர்கள் இதைப் படிப்பார்கள்.

அடுத்தது "எல்லாரும்". என் மகள் பதினொன்றாம் வகுப்பு சேர்ந்த புதிதில் ஒரு நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வந்தாள். "அம்மா, கிளாஸ்ல எல்லாரும் கோச்சிங் சேந்துட்டாங்க, நான் மட்டும்தான் இல்ல." ஃபீஸ் லட்சத்துக்கு மேல். ஒரு பேப்பரைக் கொடுத்து, யார் யார் என்று பெயர் எழுதச் சொன்னேன். கோபம் வந்தது, ஆனாலும் எழுதினாள். மூன்று பெயர். அதில் ஒரு பெண் இன்னும் சேரவில்லை, சேரப் போகிறாள். கிளாஸில் மொத்தம் நாற்பதுக்கு மேல் பிள்ளைகள்.

இதில் அவளைக் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. ஆஷ் கூட்டத்தின் அளவை மாற்றி மாற்றியும் பார்த்திருக்கிறார். எதிரில் ஒருவர் மட்டும் மாறாகச் சொன்னால் அநேகமாக யாரும் அசையவில்லை. இருவர் என்றால் கொஞ்சம் ஆட்டம். மூன்று பேர் ஆனதும் அழுத்தம் கிட்டத்தட்ட முழு அளவுக்கு வந்துவிட்டது, அதற்கு மேல் ஆள் சேர்த்ததால் பெரிதாக ஒன்றும் கூடவில்லை. நம் மனசுக்கு மூன்று பேர் சேர்ந்தாலே ஊர்தான். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் "எல்லாரும்" என்று ஆரம்பித்தாலும் பெயர் சொல்ல வேண்டும். என் மாமியார் இதை எனக்கு எதிராகவே பயன்படுத்துவார். எல்லார் வீட்டிலும் ஹாலுக்கும் ஏசி போட்டுவிட்டார்கள் என்று நான் ஆரம்பித்தபோது, நிமிராமல் கீரை ஆய்ந்துகொண்டே "யார் யாரு?" என்றார்.

பணம் என்று வரும்போது இது இப்படிச் சிரிப்போடு முடிவதில்லை. நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு காலத்தில் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியைப் பற்றி ஓயாத பேச்சு. லட்சம் போட்டால் மாசம் ஐயாயிரம். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸைத் திறக்கும் முன்பு போனைத் திறந்து, பணம் ஏறிய மெசேஜைக் காட்டுவார்கள். பார்த்தவர்கள் போடுவார்கள், அவர்களுக்கும் மெசேஜ் வரும், அவர்கள் இன்னும் இருவருக்குக் காட்டுவார்கள். எனக்கும் ஆசை வந்தது, பொய் சொல்வானேன். போடுவதற்கு முன்பு ஒவ்வொருவராகக் கேட்டேன்: கம்பெனி இந்த வட்டியை எப்படிச் சம்பாதிக்கிறது என்று நீங்கள் பார்த்தீர்களா? அக்கவுண்ட்ஸில் இருந்தவர், "நம்ம ஸ்டோர்ஸ் அண்ணன் போட்டிருக்கார், அவர் பாக்காமலா?" என்றார். ஸ்டோர்ஸ் அண்ணன் இன்னொருவரைக் காட்டினார். இப்படியே போய்ப் போய், இழை முடிந்த இடத்தில் ஒரே ஒரு ஆள், ஒவ்வொரு டெபாசிட்டுக்கும் கமிஷன் வாங்கிக்கொண்டிருந்த ஏஜென்ட். இருபது பேர் சாட்சி என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது ஒரே சாட்சி, அதுவும் காசு வாங்கிய சாட்சி. கடைசியில் என்ன நடந்தது என்பது சென்னைக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மெசேஜ் நின்றது, ஆபீஸ் ஷட்டர் இறங்கியது, பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுக்க வரிசை நின்றது.

இதில் தனியாக உட்கார்ந்து சரிபார்க்கக்கூடியது நிறைய இருக்கிறது. வங்கி அல்லாத நிதி நிறுவனம் பொதுமக்களிடம் டெபாசிட் வாங்க வேண்டும் என்றால் ரிசர்வ் வங்கியின் அனுமதி தேவை, அந்த அனுமதி உள்ள நிறுவனமும் ஆண்டுக்கு 12.5 சதவீதத்துக்கு மேல் வட்டி தரக்கூடாது. மாசம் 5 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 60, கணக்கு அங்கேயே முடிந்தது. ரிசர்வ் வங்கியின் சாசெட் இணையதளத்தில் நிறுவனத்துக்கு அனுமதி இருக்கிறதா என்று பார்க்கலாம், புகாரும் கொடுக்கலாம். முதலீட்டாளர்களுக்காகத் தமிழ்நாட்டில் 1997-லிருந்து தனிச் சட்டமே இருக்கிறது, மத்திய அரசும் 2019-இல் முறைப்படுத்தப்படாத டெபாசிட் திட்டங்களைத் தடை செய்து சட்டம் போட்டது. சட்டம் எல்லாம் பணம் போன பிறகு. அதற்கு முன்பு உதவுவது ஒரு கேள்வி: "நீங்க நேர்ல பாத்தீங்களா, இல்ல யாராவது சொன்னாங்களா?" எத்தனை பேர் நம்புகிறார்கள் என்று எண்ணுவதைவிட எத்தனை பேர் தனித்தனியாகச் சரிபார்த்தார்கள் என்று எண்ணினால், பெரிய பெரிய கூட்டம் ஒன்று இரண்டாகச் சுருங்கும்.

எல்லாரும் சும்மா இருப்பதைப் பார்த்து நாமும் சும்மா இருப்பதும் இதே வகைதான், இது உயிருக்கே உலை வைக்கும். ஒரு தடவை எங்கள் தரைத்தளத்து ஈ.பி. பாக்ஸிலிருந்து தீய்ந்த வாடை. காலையில் ஆபீஸ் போகிறவர்கள், பால் வாங்க இறங்கியவர்கள், பிள்ளைகளை வேனில் ஏற்றியவர்கள் என்று அத்தனை பேரும் மூக்கைச் சுருக்கிக்கொண்டே அதைத் தாண்டிப் போயிருக்கிறார்கள். பிறகு கேட்டால் ஒவ்வொருவரும் "எனக்கும் வாடை வந்துச்சு, யாரும் ஒண்ணும் சொல்லலையே, சரின்னு விட்டுட்டேன்" என்கிறார்கள். அன்றுதான் வேலைக்குச் சேர்ந்திருந்த புது வாட்ச்மேன் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு என் வீட்டுக் கதவைத் தட்டினார். இந்தக் கட்டடத்தில் எது வழக்கம் என்று அவருக்கு இன்னும் தெரியாது, அதனால் புகை அவர் கண்ணுக்குப் புகையாகவே தெரிந்தது.

லட்டானே, டார்லி என்ற இருவர் 1968-இல் வெளியிட்ட சோதனை அச்சாக இதுதான். அறையில் உட்கார்ந்து படிவம் நிரப்பிக்கொண்டிருக்கும்போது சுவர் இடுக்கு வழியே புகை வர வைத்தார்கள். தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் எழுந்து போய்ச் சொன்னார்கள். கண்டுகொள்ளாத மாதிரி நடித்த இருவரோடு உட்கார்ந்தவர்களில் சொன்னது 10 சதவீதம்தான். மற்றவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு, புகையைக் கையால் விலக்கிக்கொண்டு, படிவத்தை நிரப்பியிருக்கிறார்கள். இப்போது எங்கள் நோட்டீஸ் போர்டில் ஒரு வரி எழுதி ஒட்டியிருக்கிறேன்: வாடை, புகை, கசிவு எதுவானாலும் வேறு யாராவது சொல்லியிருந்தாலும் பரவாயில்லை, நீங்களும் சொல்லுங்கள். ஒரே கசிவுக்கு ஒன்பது போன் வருகிறது. வரட்டும்.

போர்டு என்றதும் இன்னொன்று. எனக்கு முன்பு இருந்த செக்ரட்டரி மெயின்டனன்ஸ் கட்டாதவர்கள் பட்டியலை ஒட்டுவார். மேலே சிவப்பு எழுத்தில் "பலர் இன்னும் கட்டவில்லை" என்று இருக்கும். பார்க்கிறவர்களுக்கு வெட்கம் வரும் என்பது அவர் கணக்கு. வந்தது நிம்மதி, "ஓ, நான் மட்டும் இல்ல" என்று. அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில் கல்லாய் உறைந்த மரங்கள் கிடக்கும் ஒரு தேசியப் பூங்கா உண்டு. அங்கே சியால்டினி என்பவரின் குழு செய்த சோதனையில், நிறையப் பேர் மரத்துண்டை எடுத்துப் போகிறார்கள் என்று வருத்தப்பட்டு எழுதிய பலகை வைத்த பாதையில் திருட்டு அதிகமானது. எல்லாரும் செய்கிறார்கள் என்று புகார் சொன்னால், எல்லாரும் செய்கிறார்கள் என்ற செய்திதான் போய்ச் சேருகிறது. நான் பட்டியலைக் கிழித்துவிட்டு, பத்தாம் தேதி ஆனதும் எத்தனை வீடு கட்டிவிட்டது என்ற எண்ணிக்கையை மட்டும் எழுத ஆரம்பித்தேன். எண் உண்மையாக இருக்க வேண்டும், அது முக்கியம். பாதிப் பேர்கூடக் கட்டாத மாசத்தில் போர்டைத் தொடவே மாட்டேன். இப்போது வசூல் முன்பைவிடச் சீக்கிரம் ஆகிறது, ஒரு வீட்டைத் தவிர. அந்த வீட்டுக்கு எந்த உளவியலும் வேலை செய்யாது.

வாட்ஸ்அப் குரூப் தனி உலகம். ஒரு தீர்மானத்தைப் போட்டவுடன் முதல் கட்டைவிரல் வந்துவிடும், பின்னாலேயே கைகூப்பும் படங்கள் வரிசையாக. யோசித்துவிட்டு ராத்திரி படிக்கிறவர் பார்ப்பது தீர்மானத்தை அல்ல, பதினைந்து கட்டைவிரல்களை. குரூப்பிலேயே வாக்கெடுப்பு (போல்) வைக்கலாமே என்பார்கள், ஆனால் அதில் யார் எதற்குப் போட்டார் என்று பெயரோடு தெரியும், மொட்டை மாடியில் கை தூக்குவதும் அதுவும் ஒன்றுதான். நான் எழுதுவது இப்படி: "கருத்தை எனக்குத் தனியாக நாளை இரவுக்குள் அனுப்புங்கள், பெயர் வெளியே வராது, எண்ணிக்கையை மட்டும் இங்கே போடுகிறேன்." குரூப்பில் வாயே திறக்காதவர்கள் நீளநீளமாக எழுதுகிறார்கள், அதைப் படிப்பது வேறு ஒரு வேலை.

கூட்டத்தோடு போவதே தப்பு என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். ஜி.எஸ்.டி. ரோட்டைத் தனியாகக் கடந்து பாருங்கள், தெரியும். பத்துப் பேர் சேரும் வரை நின்று, சேர்ந்ததும் ஒன்றாக இறங்குகிறோமே, அது சென்னையின் தலைசிறந்த கூட்டு அறிவு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பித்துவிட்டன என்ற வதந்தியை நம்பியதும் இந்த ஊர்தான், அதே நாட்களில் பக்கத்துத் தெருவில் அண்டா ஏறியதைப் பார்த்துத் தன் தெருவிலும் அடுப்பு மூட்டியதும் இதே ஊர்தான். எங்கள் வாசலில் புளிசாதம் கட்டியவர்களில் பாதிப் பேர் முதல் நாள் வேடிக்கை பார்க்க வந்தவர்கள். யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை, எல்லாரும் கட்டுகிறார்களே என்று உட்கார்ந்தார்கள். அதனால் நல்ல காரியம் எதுவானாலும் தனியாக ஓரமாகச் செய்யாதீர்கள், நாலு பேர் பார்க்கிற இடத்தில் செய்யுங்கள் என்பது என் கட்சி. விளம்பரம் என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

பிரியாணிக் கடைக் கூட்டத்துக்கு மட்டும் நான் இன்னும் விடை கண்டுபிடிக்கவில்லை. சல்கானிக், டாட்ஸ், வாட்ஸ் என்ற மூவர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில் 14 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு, யாரும் கேள்விப்படாத 48 பாடல்களைக் கொடுத்து, பிடித்ததைத் தரவிறக்கச் சொன்னார்கள். வந்தவர்களைத் தனித்தனிக் கூட்டங்களாகப் பிரித்து, அந்தந்தக் கூட்டத்துக்குள் எது எத்தனை தரவிறக்கம் என்று காட்டினார்கள். ஒரு கூட்டத்தில் மேலே ஏறிய பாட்டு இன்னொன்றில் நடுவில் கிடந்தது. மிக நல்லது அடியில் போகவில்லை, மிக மோசமானது உச்சிக்கு வரவில்லை, நடுவில் இருந்ததற்கெல்லாம் முதலில் யார் விரலை வைத்தார்கள் என்பதுதான் தலையெழுத்து. ஆக, வாசலில் கூட்டம் நிற்கும் கடை சுமாருக்குக் கீழே இருக்காது என்று நம்பலாம். பக்கத்தில் காலியாக இருக்கும் கடை மோசம் என்று சொல்ல அது போதாது. மகளுக்கும் எனக்கும் இப்போது காலிக் கடையில் ஒரு அரை பிளேட் வாங்கிப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது, பாதி நேரம் வருத்தப்படுகிறோம்.

அட்சய திருதியைதான் பாக்கி. என் பாட்டிக்கு அது தானம் கொடுக்கும் நாள், நகைக்கடை வாசலில் விடிகாலை வரிசை என்பதெல்லாம் அவர் அறியாதது. எனக்கு நகை வேண்டும் என்றால் அந்த வாரம் தி.நகர் பக்கமே போக மாட்டேன். இரண்டு வாரம் கழித்து, வேலை நாள் காலையில், கடைக்காரர் கொட்டாவி விடும் நேரத்தில் போனால் எடை போடுவதை நிதானமாகப் பார்க்கலாம், செய்கூலி சேதாரத்தில் பேரம் பேசலாம். என் நாத்தனாருக்கு இது வேலைக்கு ஆகாது, அன்றைக்கு ஒரு குந்துமணியாவது வாங்காவிட்டால் அவளுக்கு வருஷம் முழுக்க உறுத்தும். தனியாக அந்தக் கூட்டத்தில் போக முடியாது என்று கூப்பிடுவாள், நானும் போவேன். போன தடவை அவள் முகம் வாடக்கூடாது என்று நானும் அரை கிராம் காசு ஒன்று வாங்கினேன். காசுக்குச் சேதாரம் கம்மிதான்.